கைத்தொழில் கேள்வி – பதில்: சான்றிதழ் வந்தது, வருமானம் வரவில்லை

கிராமங்களில் நடக்கும் இலவசத் தொழிற்பயிற்சிகளைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊர் மகளிர் குழுக்களைச் சேர்ந்த 22 பேருக்கு ஒரு மாதம் தையல் பயிற்சி அளித்தார்கள். எல்லோருக்கும் சான்றிதழும் தையல் இயந்திரமும் கிடைத்தன. ஓராண்டு கழிந்துவிட்டது. இன்று தைத்துச் சம்பாதிப்பவர்கள் இரண்டே பேர். என் இயந்திரத்தின் மீது துணிமூட்டைதான் இருக்கிறது. இப்போது அழகுக்கலைப் பயிற்சிக்கு வரச் சொல்கிறார்கள். போகலாமா?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: சகோதரி, இப்போதைக்குப் போக வேண்டாம். கையில் பாதியாக நிற்கும் தொழிலை முடித்துவிட்டு அடுத்ததை யோசிக்கலாம்.

ஒரு மாதத்தில் இயந்திரத்தை மிதிக்கவும், நேராகத் தையல் போடவும், பாவாடை, நைட்டி போன்றவற்றைத் தைக்கவும் ஒருவர் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் ஊரில் காசு கொடுத்துத் தைக்கக் கொடுப்பது பெரும்பாலும் ரவிக்கை. அதில் தையலைவிட அளவெடுப்பதும் வெட்டுவதும்தான் கடினம்; கழுத்தும் அக்குளும் சரியாக அமையாத ரவிக்கையை எத்தனை முறை பிரித்துத் தைத்தாலும் சரி செய்ய இயலாது. பட்டுச்சேலையோடு வந்த ரவிக்கைத் துணியை, போன மாதம் பயிற்சி முடித்தவரிடம் நம்பிக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. அது உங்கள் மீதுள்ள அவநம்பிக்கை அன்று. கெட்டுப்போனால் அந்தத் துணிக்கு மாற்று கிடையாது என்ற அச்சம்.

இன்னொரு தவறு உங்களுடையதே அன்று. ஒரே ஊரில் 22 பேருக்கு ஒரே தொழிலைக் கற்றுக் கொடுத்தால் அவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாகிவிடுவார்கள் என்பதை, பயிற்சியைத் திட்டமிட்டவர்கள் முதல் நாளே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எத்தனை பேர் பயின்றார்கள் என்று கணக்குக் கேட்கும் இடங்களில், எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்பதில்லை. இதை நான் பல ஊர்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

இனி செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அருகிலுள்ள சிறு நகரத்தில் கைராசியுள்ள ஒரு தையற்கடைக்காரரிடம் மூன்று மாதம், கூலியை எதிர்பார்க்காமல், வெட்டும் மேசை அருகே நில்லுங்கள். பழைய சேலைத் துணியில் வீட்டாருக்கு ரவிக்கை தைத்து, போட்டுப் பார்த்து, பிழையைக் கண்டுபிடியுங்கள். அதுவரை சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, பழைய உடையைப் பிடித்தும் தளர்த்தியும் கொடுப்பது ஆகிய வேலைகளை வாங்குங்கள். இவற்றில் துணி கெடும் அபாயம் குறைவு, வாடிக்கையாளர் பழக்கமும் வரும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களின் சீருடைகளைத் தைக்கும் பணி மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக நடக்கிறது. உறுப்பினராவதற்கான வழியை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டறியுங்கள். திருப்பூர் போன்ற ஊர்களின் ஆலை வேலையை எண்ணினால், அங்கே ஓவர்லாக், பேட்லாக் எனப்படும் மின்விசைத் தையல் இயந்திரங்களே ஓடும். காலால் மிதிக்கும் இயந்திரத்தில் பெற்ற பயிற்சி அதற்குப் போதாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 24. பத்தாம் வகுப்பில் தேறவில்லை. சித்தப்பாவோடு மூன்று ஆண்டுகளாக வீட்டு வயரிங் வேலைக்குப் போகிறேன். ஒரு தனியார் மையம் 18,000 ரூபாய் கட்டினால் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறது. கட்டலாமா?
– ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கட்டாதீர்கள், தம்பி. அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மின் கம்பியமைப்பு வேலையில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவம் வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை எந்த வீட்டில், எந்த மாதத்தில், என்ன வேலை செய்தீர்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் கீழ் சில வேலைகளையாவது செய்யுங்கள்.

இடைப்பட்ட காலத்தில், ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் காயில் கட்டும் பயிற்சி நடக்கிறதா என்று விசாரியுங்கள். மக்கள் ‘ஆர்செட்டி’ என்று அழைக்கும் இந்த நிறுவனத்தை மாவட்டத்துக்கு ஒன்றாக வங்கிகள் நடத்துகின்றன. பயிற்சி, உணவு, தங்குமிடம் எல்லாம் இலவசம். கிணற்று மோட்டார் எரிந்துபோனால், பயிர் வாடும் முன்பு அதைச் சரிசெய்ய விவசாயி அலைந்து திரிகிறார். வயரிங் தெரிந்த உங்களுக்கு அந்த வேலை இயல்பாகவே கைவரும்.

கேள்வி: காளான் வளர்த்தால் மாதம் பெருந்தொகை கிடைக்கும் என்று கைப்பேசியில் காணொளி பார்த்தேன். வித்தும் தந்து, விளைந்ததைத் தாங்களே வாங்கிக்கொள்வதாகவும் ஒருவர் சொல்கிறார். 2 இலட்சம் ரூபாய் கடன் வாங்கிக் குடில் போட எண்ணுகிறேன்.
– ஒரு வாசகர், திருச்சி மாவட்டம்

பதில்: ஐயா, காளான் நல்ல தொழில்தான், வைக்கோல் கிடைக்கும் ஊரில், சிறிய இடத்தில், பெண்களும் முதியவர்களும் செய்யக்கூடியது. ஆனால் கடனோடு தொடங்குவது சரியில்லை. ‘நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’ என்ற சொல்லை நம்பி ஈமு கோழி வளர்த்தவர்கள் 2012-இல் பெருந்துறைப் பகுதியில் போட்ட பணத்தை இழந்து தவித்ததை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாங்குபவர் ஒருவரே என்றால், அவர் கைவிட்ட அன்றே தொழிலும் முடிந்தது.

கணக்கைப் பாருங்கள். சிப்பிக் காளானுக்கு வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, வேகவைத்து, கையால் பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்தி, நெகிழிப் பையில் வித்தும் வைக்கோலும் அடுக்கடுக்காக இட்டுப் படுக்கை கட்டுவார்கள். ஏறத்தாழ 15 முதல் 20 நாட்களில் காளானின் வெண்பூசணம் பை முழுதும் பரவும். அதன்பின் மூன்று அறுவடை வரை எடுக்கலாம். நன்றாகப் பேணினால் அரைக் கிலோ உலர் வைக்கோலில் கட்டிய படுக்கையிலிருந்து ஒரு கிலோவை ஒட்டிக் கிடைக்கும். நாளுக்கு ஐந்து படுக்கைகள் கட்டிக்கொண்டே வந்தால், சில வாரங்களில் நாள்தோறும் நான்கைந்து கிலோ கையில் நிற்கும். 200 கிராம் பொட்டலமாகப் போட்டால் 20 முதல் 25 பொட்டலங்கள். பறித்த சிப்பிக் காளான் குளிரூட்டாமல் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே குடில் போடுவதற்கு முன்பு, நாள்தோறும் அந்த 25 பொட்டலங்களை வாங்கப்போகும் காய்கறிக் கடைகள், உணவகங்கள், அண்டை வீடுகள் எவை என்பதைத் தாளில் எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால், முதலில் விற்பனையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வெயிலையும் எண்ண வேண்டும். சிப்பிக் காளான் 25 பாகை செல்சியசுக்கு அருகிலான வெப்பநிலையை விரும்பும்; சித்திரை வெயிலில் உங்கள் பகுதியில் அது தாக்குப்பிடிக்காது. 30 முதல் 35 பாகை வெப்பத்தில் வளரும் பால் காளானே கோடைக்கு ஏற்றது. அதில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளியிட்ட ஏபிகே 2 இரகம் பெயர் பெற்றது. காணொளிகள் சொல்லாத இன்னொன்று: சிப்பிக் காளானின் விளிம்பு விரிந்து சுருளும் வரை விட்டுவைத்தால் நுண்வித்துகள் காற்றில் பரவி, தொடர்ந்து குடிலில் வேலை செய்பவருக்கு இருமலும் மூச்சுத் தொல்லையும் வரும். விளிம்பு சுருளும் முன்பே பறியுங்கள். முகக்கவசம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

பயிற்சிக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். (இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் நமக்கு அருகே புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது.) பயின்றபின் வீட்டின் ஒரு மூலையில் 20 படுக்கைகளோடு இரண்டு சுற்று வளர்த்து, விற்றுப் பாருங்கள். கடன் தேவைப்பட்டால் அதன்பிறகு வாங்கலாம். மானியத்தோடு கூடிய பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தை எண்ணுவோர் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: மானியத் தொகை கைக்கு வராது, மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைக்கப்பட்டு, பிறகுதான் கடனில் கழிக்கப்படும். மாதத் தவணையைத் தொழிலின் வருமானத்திலிருந்தே கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 50. பனையோலையில் கூடை, பெட்டி முடைவார். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு பயிற்சி மையத்துக்கு அழைத்துச் சென்றபோது, படிக்காதவர்களைச் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் அதிலிருந்து பேசாமலே இருக்கிறார்.
– ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். இராஜஸ்தானில் அஜ்மீர் மாவட்டத்திலுள்ள திலோனியா என்ற சிற்றூரில், பங்கர் ராய் 1972-இல் தொடங்கிய வெறுங்கால் கல்லூரியில், பள்ளி வாசலை மிதிக்காத கிராமத்துப் பெண்கள் சூரிய மின்விளக்குகளைப் பூட்டவும் பழுதுபார்க்கவும் கற்றிருக்கிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பெண்கள், பாட்டிமார் உட்பட, வந்து ஏறத்தாழ ஆறு மாதம் தங்கிப் பயின்றார்கள். பொதுமொழியே இல்லாத வகுப்பில் சைகையாலும், நிறத்தை அடையாளம் வைத்தும், செய்து காட்டியும் கற்பித்தார்கள். படிக்காதவர் கற்க மாட்டார் என்பது அந்த மையத்தின் இயலாமையே அன்றி, உங்கள் அம்மாவின் குறை அன்று.

உண்மையில் அவருக்கு முடையக் கற்றுத்தர யாரும் தேவையில்லை. ஒரு பெட்டி முடைய எத்தனை மணி நேரம் ஆகிறது, ஓலைக்கும் சாயத்துக்கும் எவ்வளவு செலவு, அதற்கு மேல் கூலி எவ்வளவு நிற்க வேண்டும் என்ற கணக்குத்தான் தேவை. அதை நீங்கள் எழுதிக் கொடுங்கள். தமிழ்நாடு அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது நிறைந்த கைவினைஞர்களுக்கானது; 25 வகைத் தொழில்களுக்கு 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிக அளவாக 50,000 ரூபாய், மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். போகும்போது அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் முடைந்தவற்றில் மிகச் சிறந்த மூன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அவற்றை மேசையில் வைத்து விளக்குவதை அவரிடமே விட்டுவிடுங்கள்.