இங்கிலாந்தில் ஏ லெவல் முடித்துவிட்டு டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் வழியாக டவுன் பிளானர் ஆகலாமா? முழுநேரமாகப் பல்கலைக்கழகம் போவதைவிட இது மதிப்புக் குறைந்த வழியா?

ஆகலாம். எங்கே என்ன கட்டலாம் என்று விண்ணப்பங்களைப் பரிசீலிக்கிற நகரத் திட்டமிடல் வேலை இது, நான் அப்படித்தான் ஆனேன். டவுன் பிளானர் அப்ரண்டிஸ்ஷிப் 2019 இல் வந்த புதிதில் லண்டன் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) ஒன்றில் சேர்ந்து, வேலை பார்த்தபடியே படித்தேன். மதிப்புக் குறைவா என்று அம்மாவும் கேட்டார். "அப்ரண்டிஸ் எண்டா கராஜில ஸ்பேனர் பிடிக்கிற பெடியன்தானே?" என்று ஒரு வருடம் சொந்தக்காரர் யாரிடமும் சொல்லவில்லை.

இது லெவல் 7, அதாவது மாஸ்டர்ஸ் நிலை. வாரத்தில் நான்கு நாள் கவுன்சில், ஒரு நாள் லண்டன் சவுத் பாங்க் பல்கலைக்கழகம். முழுநேரம் படித்த என் நண்பர்கள் வருடத்துக்கு 9,250 பவுண்ட் கட்டணத்தைக் கடனாக வாங்கினார்கள். நான் ஒரு பென்னியும் கட்டவில்லை, சம்பளமும் வந்தது. வருடச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 2017 ஏப்ரல் முதல் அரை சதவீதத்தைப் பயிற்சி வரியாகக் கட்டுகின்றன. என் படிப்புச் செலவு அந்தக் கணக்கில்தான் போனது. கடைசித் தேர்வில் தேறினால் ராயல் டவுன் பிளானிங் இன்ஸ்டிடியூட்டின் சார்ட்டர்ட் உறுப்பினர், அதாவது தொழில்முறைத் தகுதி பெற்ற பிளானர், ஆகலாம். மற்றவர்கள் பட்டம் முடித்து, வேலை தேடி, அனுபவம் சேர்த்துவிட்டு வந்து நிற்கும் அதே இடம்தான் அது.

ஆனால் காசை விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. செய்த பிழையின் விலை உடனே தெரியும். சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு வீட்டு விண்ணப்பத்துக்கான மஞ்சள் அறிவித்தலை விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டு வரச் சொன்னார்கள். கட்டினேன், படமும் எடுத்தேன். இரண்டு தெருக்களுக்கும் பெயர் ஒன்றுதான், ஆனால் ஒன்று 'ரோடு', மற்றது 'க்ளோஸ்'. நான் கட்டியது க்ளோஸில். அயலவர்களுக்குக் கருத்துச் சொல்ல 21 நாள் கொடுக்கவேண்டும், அதனால் மறுபடி முதலிலிருந்து எண்ணினோம். எட்டு வாரத்தில் முடிக்கவேண்டிய விண்ணப்பம் இழுபட்டது. மேலாளர் திட்டவில்லை. வீட்டுக்காரருக்கு நீயே போன் பண்ணிச் சொல் என்றார். அவர் மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். விரிவுரையில் நூறு தரம் 'பொதுக் கலந்தாய்வு' என்று கேட்டிருந்தாலும் அந்த ஐந்து நிமிடப் போன் போல உறைத்திருக்காது.

அப்புறம் ஒரு தமிழ் வீடு. செமி வீட்டுக்கு (ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு) பின்னால், தரைத்தளத்தில் 3 மீட்டர் வரை பொதுவாகப் பிளானிங் விண்ணப்பம் போடாமலே கட்டலாம். அவர்கள் கேட்டது 5 மீட்டர். பக்கத்து வீட்டு ஜன்னலின் நடுவிலிருந்து வரைபடத்தில் 45 டிகிரியில் ஒரு கோடு இழுத்தேன். புதுச் சுவர் அதைத் தாண்டி நின்றது. பக்கத்து வீட்டுச் சமையலறைக்கு வெளிச்சம் குறையும். அளந்து முடித்துப் புறப்படும்போது அந்த அன்ரி, "தம்பி, நம்மட ஆள்தானே, கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ" என்றார். பிளேன் டீ கூட வேண்டாம் என்று வெளியே வந்தேன், மழை வேறு. முடிவில் கையெழுத்துப் போடுவது நானில்லை, மூத்த அதிகாரி. ஆனாலும் அறிக்கையில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதவேண்டியவன் நான். 4 மீட்டராகக் குறைத்து வரைபடம் திருத்தினார்கள், அனுமதி கிடைத்தது. கோயிலில் கண்டால் இன்னும் சிரிப்பார், கொஞ்சம் குறைவாக.

கஷ்டம் இல்லாமல் இல்லை. எனக்கு ஐந்தரை வருடம் ஆனது. சனி ஞாயிறு கட்டுரை எழுதுவதிலேயே போகும். கேம்பஸ் வாழ்க்கை என்று ஒன்றும் கிடையாது. ஆள் பற்றாக்குறை உள்ள அலுவலகத்தில் 'இன்று மட்டும் வந்து இந்த ஃபைலை முடித்துவிடு' என்று படிப்பு நாளில் கை வைப்பார்கள். அதனால் எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட எந்த வேலைத்தலம் என்று பாருங்கள். நேர்முகத் தேர்வில், இப்போது அங்கே இருக்கும் அப்ரண்டிஸோடு பத்து நிமிடம் தனியாகப் பேசலாமா என்று கேளுங்கள். தயங்கினால் எனக்கு அது போதும், நான் சேரமாட்டேன்.

வயது விஷயம் மிக முக்கியம். 2026 ஜனவரி முதல் புதிதாகச் சேரும் லெவல் 7 அப்ரண்டிஸ்களுக்கு அரசு நிதி பெரும்பாலும் 16 முதல் 21 வயது வரைதான். சில விதிவிலக்குகளைத் தவிர, 22 ஆகிவிட்டால் வேலை கொடுப்பவர் சொந்தக் காசைப் போடவேண்டும். எத்தனை கவுன்சிலிடம் அது இருக்கும்? ஒரு வருடம் ஊர் சுற்றிவிட்டு வரலாம் என்று நினைத்தால் பிறந்த தேதியை ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டூடன்ட் விசாவில் இருப்பவர்களுக்கு இந்த வழியே கிடையாது.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருக் கம்பத்தில் இப்படி ஒரு அறிவித்தல் தொங்கினால் அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, முடிவு வந்த பிறகு கவுன்சில் இணையதளத்தில் அதிகாரியின் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். சில பக்கம்தான். வேலையின் முக்கால்வாசி அதை எழுதுவதுதான். இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி வந்தால் இந்த வழியும் வேண்டாம், முழுநேரப் படிப்பும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் என்ன எதிர்ப்புச் சொன்னார், அதற்கு அதிகாரி என்ன பதில் எழுதினார் என்று தேடத் தோன்றினால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், விண்ணப்பத்தைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.