அச்சு ஒன்று, மாவு வேறு: ரியாலிட்டி ஷோ பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: 'பிக் பாஸ்' வகை நிகழ்ச்சிகள் வெளிநாட்டுச் சரக்கு. அவற்றை வைத்து ஒரு நாட்டின் பண்பாட்டை எப்படி எடைபோட முடியும்? (கோவை வாசகர்)

வெளிநாட்டுச் சரக்கு என்பதால்தான் முடிகிறது. 'பிக் பாஸ்' நிகழ்ச்சிக்கு மூலமான 'பிக் பிரதர்' 1999 செப்டம்பரில் நெதர்லாந்தில் தொடங்கியது. ஜான் டி மோலின் எண்டமோல் நிறுவனம் தயாரித்தது. உரிமையை வாங்கும் எந்த நாட்டுக்கும் பூட்டிய வீடு, கேமராக்கள், நாமினேஷன் (வெளியேற்ற வேண்டியவரின் பெயரைச் சொல்வது), வெளியேற்றம், முகம் காட்டாத குரல் எல்லாம் ஒரே மாதிரிதான் கைக்கு வருகின்றன. முறுக்கு அச்சு ஒன்றுதான். உள்ளே போகிற மாவைப் பாருங்கள்.

பிரிட்டனில் தொகுப்பாளரின் முக்கிய வேலை, வெளியேறி வருபவரை வரவேற்றுப் பேட்டி எடுப்பது. 2017 ஜூனில் விஜய் டிவியில் தமிழ் நிகழ்ச்சி தொடங்கியபோது கமல்ஹாசனின் வேலை அதோடு முடியவில்லை. வாரம் முழுக்க நடந்த சண்டையை சனி, ஞாயிறில் எடுத்துவைத்து, இரண்டு தரப்பையும் பேசவிட்டு, தவறு யார் பக்கம் என்று சபையறியச் சொன்னார். பார்க்கிறவர்களும் அதைப் 'பஞ்சாயத்து' என்றே சொல்கிறார்கள். பெரியவர் ஒருவர் முன்னால் வழக்குத் தீராவிட்டால் நமக்கு மனசு ஆறுவதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: வீட்டுக்குள் போன சில நாளிலேயே 'அண்ணா', 'அக்கா' என்று உறவு கட்டிக்கொள்கிறார்கள். நாமினேஷனில் அந்த அண்ணனின் பெயரையே சொல்ல வேண்டிவரும்போது வரும் அழுகைக்கு, உறவுமுறை சொல்லிப் பழகாத நாடுகளில் இடமே இல்லை.

மாவே அச்சுக்குப் பொருந்தாமல் போனதும் உண்டு. 2004-ல் பஹ்ரைனில் அரபு நாடுகளுக்கான பதிப்பைத் தொடங்கினார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் படுக்கையறை, தொழுகைக்குத் தனி இடம் என்று எல்லாம் யோசித்துத்தான் வீடு கட்டினார்கள். அப்படியும் கன்னத்தில் கொடுத்த ஒரு முத்தம் தெருவில் ஊர்வலமாக வெடித்தது. இரண்டு வாரம்கூட ஓடாமல் நிகழ்ச்சி நின்றது.

கேள்வி: எல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்த நாடகம் என்கிறார் என் கணவர். உண்மையா? (திருச்சி வாசகி)

வசனம் எழுதிக் கொடுப்பது பொதுவாகத் தேவைப்படுவதில்லை. கதை மூன்று இடங்களில் உருவாகிறது.

முதலில் ஆள் தேர்வு. சட்டென்று கோபப்படுகிற ஒருவரையும், எதையும் சொல்லாமல் விட முடியாத ஒருவரையும் ஒரே வீட்டில் வைத்தால் போதும். அடுத்தது சூழல். செல்போன் இல்லை, வெளியுலகச் செய்தி இல்லை, சாப்பாடு அளவோடுதான், தூக்கமும் குறைவு. அரை லிட்டர் பால் தீர்ந்துபோனதற்கு மணிக்கணக்காகச் சண்டை வருவது இதனால்தான். அவர்கள் மட்டமான மனிதர்கள் என்பதால் அல்ல.

மூன்றாவதுதான் பெரியது: எடிட்டிங். 24 மணி நேரம் நடப்பதை ஏறக்குறைய ஒரு மணி நேரமாகச் சுருக்க வேண்டும். யார், எத்தனை மணிக்கு, என்ன பேசினார் என்று ஒரு குழு உட்கார்ந்து குறிப்பெடுக்கும். அதிலிருந்து அன்றைய கதையைப் பொறுக்குவார்கள். ஒரு பேச்சைத் துண்டுபோட்டு ஒட்டி வேறு அர்த்தம் வரவைப்பதற்குத் தொழிலில் 'ஃபிராங்கன்பைட்' என்று பெயர். தமிழில் இது இன்னும் சுலபம். நம் வாக்கியத்தின் பொருள் கடைசியில்தான் திரும்பும். "அவங்க சமையல் எனக்குப் பிடிக்கலைன்னு யார் சொன்னா?" என்று ஒருவர் கேட்கிறார். 'பிடிக்கலை' என்ற இடத்தில் கத்தரி போட்டால் மறுநாள் பிரமோ தயார்.

கண்டுபிடிக்க வழி உண்டு. வாக்கியம் முடிகிற நேரத்தில் பேசுகிறவரின் வாய் தெரிகிறதா, அல்லது கேட்கிறவரின் முகத்துக்குக் கேமரா தாவிவிட்டதா? பின்னணியில் ஃபேன் சத்தம் நடுவில் மாறுகிறதா? டம்ளரில் காபி ஒரு ஷாட்டில் பாதியாகவும் அடுத்ததில் முக்காலாகவும் இருக்கிறதா? இருந்தால் அங்கே ஒட்டு இருக்கிறது. முறைத்துப் பார்க்கும் அந்த முகம் வேறொரு மணி நேரத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

எதை வெட்டுகிறார்கள், எதை வைக்கிறார்கள் என்பதில்தான் அந்த ஊரின் மனசு தெரியும். ஜப்பானின் 'டெரஸ் ஹவுஸ்' 2012-ல் ஃபுஜி டிவியில் தொடங்கியது. மூன்று ஆண், மூன்று பெண், ஓர் அழகான வீடு. போட்டி கிடையாது, பரிசு கிடையாது, யாரையும் வெளியேற்றவும் மாட்டார்கள். போக வேண்டும் என்று தோன்றும்போது அவரவரே விடைபெறுவார்கள். காதலைச் சொல்லத் தயங்குவது, பாத்திரம் கழுவாததை எப்படி நோகாமல் சொல்வது என்பது மாதிரியான சின்ன விஷயங்களை நிதானமாகக் காட்டினார்கள். ஆனால் அந்த அமைதிக்கு இன்னொரு பக்கம் இருந்தது. ஸ்டுடியோவில் ஒரு குழு உட்கார்ந்து ஒவ்வொருவரின் நடத்தையையும் அலசும். பார்ப்பவர்களும் அதே வேலையை இணையத்தில் செய்தார்கள்.

அந்த வீட்டில் தங்கியிருந்தவர்களில் ஒருவர் ஹனா கிமுரா, மல்யுத்த வீராங்கனை. வாஷிங் மெஷினில் அவர் விட்டுவைத்திருந்த மல்யுத்த உடையை, உடன் தங்கியிருந்தவர் கவனிக்காமல் தன் துணியோடு போட்டு ஓட்டிவிட, அது சுருங்கிப் போனது. ஹனா கோபத்தில் கத்தினார். நம் ஊரில் அடுத்த நாளே மறந்துபோகிற சண்டை. அங்கே வெளிப்படையான கோபமே, அதுவும் ஒரு பெண் காட்டிய கோபம், பெரும் குற்றமானது. வசைகள் குவிந்தன. 2020 மே மாதம் தன் 22-வது வயதில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. 2022-ல் ஜப்பான் அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனையை ஓராண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம் என்று உயர்த்தியது. ஒட்டுப்போட்ட ஒரு மணி நேரத்தைப் பார்த்துவிட்டு ஒருவரின் சமூக ஊடகப் பக்கத்தில் போய் வசைபாடும் நம்மவர்கள் இந்தப் பெண்ணை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒரு நிகழ்ச்சியைப் பார்க்கும்போது முதலில் எதைக் கவனிப்பது? (யாழ்ப்பாணம் வாசகர்)

பரிசு என்ன, யார் கையில் தீர்ப்பு என்ற இரண்டையும். அமெரிக்க 'சர்வைவர்' (2000): 16 பேர், 39 நாள், 10 லட்சம் டாலர். போட்டியாளர்களே ஒருவரையொருவர் வாக்களித்து வெளியேற்றுவார்கள். கடைசியில் வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பதும் வெளியேற்றப்பட்டவர்களில் சிலர்தான். அதாவது கவிழ்க்கவும் வேண்டும், கவிழ்ந்தவர் மதிக்கும்படி கவிழ்க்கவும் வேண்டும். பிரிட்டனின் 'கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்ற கேக், ரொட்டி சுடும் போட்டியில் ஜெயித்தால் கேக் வைக்கும் தட்டும் பூங்கொத்தும்தான், காசு இல்லை. நேரம் முடியப்போகும்போது பக்கத்து மேஜைக்காரர் ஓடிவந்து கை கொடுப்பார்.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது அபுதாபியில் 2006-ல் தொடங்கிய 'மில்லியன் கவிஞர்'. பாலைவன மக்களின் பேச்சுமொழியில் வழங்கும் நபத்தி கவிதைக்குப் போட்டி. நடுவர் மதிப்பெண்ணும் எஸ்எம்எஸ் வாக்கும் சேர்ந்து தீர்ப்பு. 2010-ல் சவூதியைச் சேர்ந்த ஹிஸ்ஸா ஹிலால், கண்கள் தவிர முகம் முழுவதையும் மூடியபடி மேடையேறி, தீவிரவாத ஃபத்வாக்களை (மதத் தீர்ப்புகளை) கண்டித்துக் கவிதை சொன்னார். கொலை மிரட்டல் வந்தது. இறுதிச் சுற்றில் மூன்றாமிடம், 30 லட்சம் திர்ஹம். மேடைப் பேச்சில் சொன்னால் பெரும் ஆபத்தாகிற ஒன்றை, மரபு மாறாத கவிதையில் சொன்னபோது ஊரே உட்கார்ந்து கேட்டது. பண்டிகைக்குப் பண்டிகை பட்டிமன்றம் பார்க்கிற நமக்கு இது புரியும்.

கேள்வி: மக்கள் வாக்கு என்பது உண்மையில் மக்கள் வாக்குதானா? (சேலம் வாசகி)

ஒருவருக்கு ஒரு வாக்கா, காசுக்கு ஒரு வாக்கா என்று பாருங்கள். 2005-ல் சீனாவின் ஹுனான் டிவி நடத்திய 'சூப்பர் கேர்ள்' பாட்டுப் போட்டியில் லீ யூச்சுன் என்ற பெண் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட எஸ்எம்எஸ் வாக்குகளோடு ஜெயித்தார். குட்டை முடி, பையன் மாதிரி உடை. மேலிருந்து யாரும் அப்படி ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். 2021-ல் வேறொரு சீன நிகழ்ச்சியில், ஸ்பான்சர் விற்ற பால் பாட்டிலின் மூடிக்குள் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வாக்கு. ரசிகர்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். கூலிக்கு ஆள் வைத்து மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு பாலை வாய்க்காலில் ஊற்றிய வீடியோ வெளியானது. இறுதிச் சுற்று நடக்கவே இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் அரசு இத்தகைய போட்டிகளுக்கே தடை போட்டது.

கேள்வி: என் 9 வயது மகள் ஒரு டிவி பாட்டுப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்? (மதுரை வாசகி)

இந்தியாவில் 14 வயதுக்குக் கீழுள்ள குழந்தைக் கலைஞர்களுக்கு 2017-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகள் பொருந்தும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது; ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அதற்கான உறுதிமொழிப் படிவம் 'சி'-யின் நகலைக் கேளுங்கள். அது 6 மாதம்தான் செல்லும், தேதியைப் பாருங்கள். அதிகபட்சம் ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். அவர் யார் என்று பெயர் கேட்டு, படப்பிடிப்புக்கு முன்பே மகளுக்கு அறிமுகம் செய்துவையுங்கள்.

தகராறு பெரும்பாலும் நேரத்தில்தான் வரும். காலை 9 மணிக்கு வரச் சொல்லி, மேக்கப் போட்டு, மாலை வரை உட்காரவைத்து, இரவில் பாடவைப்பார்கள். காத்திருந்தது கணக்கில் வராது என்பார்கள். அழைக்கிற நேரம், அனுப்புகிற நேரம் இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எலிமினேஷன் அன்று குழந்தை அழும் முகத்தை நெருக்கமாகக் காட்டக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவள் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும், அவள் மேஜரானதும் கைக்கு வரும். கையெழுத்துப் போடும் முன் அவளிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். குழந்தைக்கு விருப்பமில்லாமல் பங்கேற்க வைக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது.