கொன்ட்ரோல் லைன் விமானத்துக்கு எவ்வளவு பெரிய தாங்கி?

கம்பியில் பிடித்து, நடுவில் நின்று வட்டமாகப் பறக்கவிடும் மாதிரி விமானம்தான் கொன்ட்ரோல் லைன். அதன் எரிபொருள் தாங்கியைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: 2.5 சிசி குளோ எஞ்சின் ஒன்று கிடைத்திருக்கிறது. கையில் 120 மில்லி தாங்கி இருக்கிறது. பூட்டலாமா ஐயா? (சாவகச்சேரி)

வேண்டாம் தம்பி. வழக்கமான கொன்ட்ரோல் லைன் விமானத்தில் வேகத்தைக் குறைத்து இறக்க வழியில்லை. எரிபொருள் தீரும்வரை நீங்கள் நடுவில் நின்று சுற்றத்தான் வேண்டும். எத்தனை நிமிடம் பறப்பது என்பதைத் தாங்கிதான் முடிவு செய்கிறது.

மெதனோலில் ஓடும் 2.5 சிசி குளோ எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மில்லி குடிக்கும். 120 மில்லி விட்டால் பத்து நிமிடம் தாண்டியும் இறங்காது. புதிதாகப் பழகுபவருக்கு நாலு நிமிடத்திலேயே தலை சுற்றும். பறக்க 40 மில்லி, ஸ்டார்ட் செய்து நீடிலை (எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருத்திக் கம்பியின் கைப்பிடி வரை நடந்துபோக இன்னொரு 10. ஆக 50 மில்லி தாங்கி போதும். சோளகக் காற்று பலக்கும் நாட்களில் அதையும் முழுதாக நிரப்ப வேண்டாம்.

புரொப்பெல்லரையும் எரிபொருள் கலவையையும் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். எஞ்சினைப் பலகையில் இறுக்கிப் பூட்டி, சிரிஞ்சால் சரியாக 30 மில்லி விட்டு, பறக்கும்போது வைக்கிற அதே நீடில் நிலையில் ஓடவிட்டு நேரம் பிடியுங்கள். உங்கள் எஞ்சின் எவ்வளவு குடிக்கும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: முதல் இரண்டு நிமிடம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் சத்தம் கூடி, சூடேறி நின்றுவிடுகிறது. தாங்கி சின்னதா? (மானிப்பாய்)

தாங்கியில் மிச்சம் இருக்கும்போதே நின்றால், அளவு அல்ல, அகலம்தான் காரணம். 18 மீட்டர் கம்பியில் ஒரு சுற்றுக்கு 5 செக்கன் என்றால், எரிபொருளை வெளிப்பக்கம் தள்ளும் விசை அதன் எடையைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எரிபொருள் அடியில் கிடக்காது. வெளிச்சுவரில் ஒட்டிச் செங்குத்தாக நிற்கும். குறையக் குறைய அதன் மேற்பரப்பு வெளியே விலகிப்போவதால், எஞ்சின் இன்னும் சிரமப்பட்டு உறிஞ்ச வேண்டும். காற்றோடு சேரும் எரிபொருள் குறைந்து, அதாவது கலவை மெலிந்து, சூடேறுவது அதனால்தான். ஒரே கொள்ளளவில் இரண்டு தாங்கி இருந்தால் ஒடுக்கமானதையே எடுங்கள்.

யூனிஃப்ளோ முறை இதற்கு நல்ல மருந்து. உறிஞ்சும் குழாயின் நுனி வெளிப்பக்கப் பின்மூலையில் இருக்கும். காற்றுக் குழாயின் உள்நுனியையும் அதே சுவரோரமாகக் கொண்டுவந்து, உறிஞ்சும் நுனிக்கு அரை அங்குலம் அளவு முன்னால் நிறுத்துங்கள். வெளிநுனி எதிர்க்காற்றைப் பார்க்கட்டும். நிரப்பியபின் மற்றத் துவாரத்தை மூடிவிடுங்கள். கடைசிச் சொட்டு நெருங்கும்வரை ஓட்டம் மாறாது.

நேராகப் பறக்கும்போது கலவை கொழுத்தும் (எரிபொருள் கூடியும்) தலைகீழாகப் பறக்கும்போது மெலிந்தும் இருந்தால், தாங்கி உயர்ந்துவிட்டது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறக்குங்கள்.

கேள்வி: டீசல் எஞ்சினுக்கும் அதே அளவா? (காரைநகர்)

குறைவாகவே போதும். மெதனோலில் சக்தி குறைவு என்பதால் குளோ எஞ்சின் நிறையக் குடிக்கும். மாதிரி விமான டீசல் எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெய், ஈதர், ஆமணக்கெண்ணெய்க் கலவையில். எஃப்2சி என்ற கொன்ட்ரோல் லைன் அணிப் பந்தயத்தில் 2.5 சிசி எஞ்சினுக்கு அனுமதிக்கும் தாங்கியே 7 மில்லிதான்! சிலிக்கன் குழாய் மட்டும் போட வேண்டாம், மண்ணெண்ணெயில் ஊதிவிடும்.

கேள்வி: பால்மா ரின் தகரத்தில் தாங்கி செய்யலாமா? (பருத்தித்துறை)

தாராளமாக. பெயின்டைச் சுரண்டிவிட்டு ஈயம் பற்றவையுங்கள். குழாய்க்குப் பித்தளை நல்லது. பற்றவைக்கப் பூசிய அமிலம் உள்ளே தங்கினால் தகரத்தை அரித்துவிடும், சுடுதண்ணீரால் வடிவாகக் கழுவுங்கள். பிறகு தண்ணீரில் அமிழ்த்தி, ஒரு குழாயால் ஊதிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். உங்கள் ஊர் கடற்காற்றுக்குத் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். பறந்து முடிந்ததும் மிச்ச எரிபொருளை வடித்துவிட்டு, உள்ளே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.