ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையின் தள்ளுபடி சேலில் கேம்களை வாங்கிக் குவித்துவிட்டு விளையாடாமலே வைத்திருப்பவரா நீங்கள்? ஏன் அப்படி வாங்குகிறோம்?

ஆமாம், நானும் அந்தக் கூட்டம்தான். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் என் ஸ்டீம் கணக்கைத் திறந்து உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 163 கேம்கள். அதில் 74 கேம்களை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. இன்னொரு 48, இரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை. கடைசிவரை ஆடி முடித்தவை 17.

அக்கவுன்ட்ஸ் வேலை பார்ப்பவன் என்பதால் அதோடு விட மனசில்லை. ஸ்டீமின் உதவிப் பக்கத்தில் கணக்கு விவரங்களைத் தோண்டினால், இதுவரை கைக்காசு எவ்வளவு போட்டிருக்கிறோம் என்று டாலரில் ஒரு தொகை வரும். எனக்கு 412. ஒரு கேமுக்குச் சராசரியாக இரண்டரை டாலர், நம் பணத்தில் 200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மலிவுதான். 200 ரூபாய்க்கு யாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படி 74 தடவை உடைத்துக்கொள்ளாமல் விட்டதில் பதினைந்தாயிரத்துக்கு மேல் போயிருக்கிறது.

இது என் வீட்டு வியாதி மட்டும் இல்லை என்பதில் ஒரு அற்ப ஆறுதல். 2014-இல் ஆர்ஸ் டெக்னிக்கா என்ற தொழில்நுட்ப இணைய இதழ் ஸ்டீம் கணக்குகளை மாதிரி எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் இருந்த கேம்களில் சுமார் 37 சதவீதம் ஒருமுறைகூடத் திறக்கப்படாதவை என்று தெரிந்தது. என்னுடையது 45. அதிலும் முந்திவிட்டேன்.

நான் எப்போதும் இப்படி இருந்தவன் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் கோவையில் பள்ளிக்கூடம் படித்தபோது, பீளமேட்டில் ஒரு பிரௌசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுவோம். ஐந்து பேர் சேர்ந்து போவோம். பத்து நிமிஷம் மிச்சம் இருக்கும்போதே எல்லோருடைய கண்ணும் மூலையில் ஓடும் கடிகாரத்தின் மேல்தான் இருக்கும். மின்சாரம் போய்விட்டால் அந்த நிமிஷங்களைக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கடைக்கார அண்ணனோடு சண்டையே நடக்கும். அங்கே விற்றது நேரம். ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு ஆடாமல் எழுந்து வந்தவனை நான் பார்த்ததில்லை. அப்புறம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 சிடி ஒன்றே ஒன்று. அதில் கீறல் விழுந்து ஓடாமல் போகும்வரை இரண்டு வருஷம் அதையேதான் ஆடினேன்.

ஸ்டீமில் விற்பது நேரம் இல்லை, பெயர். நேரத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும். தள்ளுபடி அட்டையில் அது எழுதியிருக்காது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடை சேலில், ஒரே ராத்திரியில் மூன்று கேம் வாங்கினேன்: விட்சர் 3, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, பெர்சோனா 5 ராயல். முதல் இரண்டிலும் முக்கியக் கதையை மட்டும் முடிக்கவே தலா 50 மணி நேரம் ஆகும். பெர்சோனா நூறு மணி நேரத்துக்குக் குறையாது. ஆக மொத்தம் 200. பாப்பா தூங்கியபிறகு, மறுநாள் வேலையைக் கெடுக்காமல் எனக்குக் கிடைப்பது வாரத்துக்கு நாலு மணி நேரம். வருஷத்துக்கு 200 சொச்சம். அதாவது அன்று ராத்திரி பத்து நிமிஷத்தில், அடுத்த ஒரு வருஷத்தின் ஓய்வு நேரம் முழுவதையும் செலவு செய்துவிட்டுப் படுத்திருக்கிறேன். மறுபடி குளிர்கால சேல் வந்தபோது என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

இத்தனைக்கும் அந்த ரெட் டெட்டை நிறுவவே 150 ஜிபி இடம் கேட்கும். என் லேப்டாப்பில் அப்போது மிச்சம் இருந்தது 90. வாங்கும்போது அது தெரியாதா என்றால், தெரியும்.

சரி, ஏன் வாங்குகிறோம்? பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் தாலர் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. (2017-இல் நோபல் வாங்கியவர் அவர்தான்.) ஒரு பொருளை வாங்கும்போது நமக்கு இரண்டு வகை லாபம் தெரிகிறது என்கிறார். ஒன்று, அந்தப் பொருள் கொடுத்த காசுக்குப் பெறுமானமா என்பது. இன்னொன்று, இவ்வளவு இருக்க வேண்டிய விலைக்கு இவ்வளவு குறைத்து வாங்கினோமே என்ற சந்தோஷம். இரண்டாவதுக்கும் பொருளைப் பயன்படுத்துவதற்கும் சம்பந்தமே இல்லை. பணம் கட்டிய அந்த நொடியிலேயே அது முழுசாகக் கிடைத்து முடிந்துவிடும். 3,199 என்று அடித்துவிட்டுப் பக்கத்தில் 1,055 என்று பச்சையில் போட்டிருந்தால், 2,144 ரூபாய் சம்பாதித்த மாதிரி இருக்கும். அதை ஆடி வேறு பார்க்க வேண்டுமா என்ன?

விற்பவர்களுக்கு இது எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதற்கு 2009-இல் வெளிவந்த கணக்கு ஒன்று போதும். ஸ்டீமை நடத்தும் வால்வின் தலைவர் கேப் நியூவெல், டைஸ் என்ற கேம் துறை மாநாட்டில் முந்தைய விடுமுறைக்கால சேலின் எண்களைச் சொன்னார். 10 சதவீதம் குறைத்தவற்றில் வருமானம் 35 சதவீதம் கூடியது. 25 குறைத்தபோது 245. பாதி விலைக்கு 320. முக்கால் விலையைத் தள்ளியபோது 1,470 சதவீதம். கவனியுங்கள், அவர் சொன்னது விற்ற எண்ணிக்கை இல்லை, கைக்கு வந்த பணம். கால் விலைக்கு விற்றால் கையைக் கடிக்கும் என்று ஜவுளிக்கடை முதலாளி பயப்படுவார், ஏனென்றால் ஒவ்வொரு புடவைக்கும் நூல் கூலி இருக்கிறது. கேமுக்கு இன்னொரு பிரதி போட ஒரு செலவும் கிடையாது. அதனால் நான் ஆடாமல் வைத்திருக்கும் 74-ஆல் யாருக்கும் நஷ்டம் இல்லை, என்னைத் தவிர.

பிடித்த கேம்களைக் குறித்து வைக்க ஸ்டீமில் விஷ்லிஸ்ட் என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதை நான் ரொம்ப நாள் கட்டுப்பாட்டுக்கான கருவி என்று நினைத்திருந்தேன். இப்போது வேண்டாம், எழுதி மட்டும் வைப்போம் என்ற பெருந்தன்மை. அதில் இருக்கும் கேமுக்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி விழுந்தால் மின்னஞ்சல் வரும். அந்த நேரத்தில் நான் என்னவோ அந்தக் கேமுக்காக ஆறு மாசமாகக் காத்திருந்தவன் மாதிரி ஒரு உணர்வு. உண்மையில் ஆறு மாசமாக அதை மறந்திருந்தேன். தூண்டிலை நானே செய்து, புழுவையும் நானே கோத்து அவர்களிடம் கொடுத்திருக்கிறேன்.

சேல் தொடங்கும் நேரம்கூட நமக்கு ஏடாகூடமாகத்தான் அமைந்திருக்கிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்குக் கோடையில் ராத்திரி பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. வீடு அடங்கி, தனியாக, சோர்ந்து உட்கார்ந்திருக்கும் நேரம். ஆடத் தெம்பு இருக்காது. ஆனால் வாங்கத் தெம்பு வேண்டியதில்லை. யுபிஐ பின் நாலோ ஆறோ எண் தட்டினால் முடிந்தது. நான் வாங்கியவற்றில் பெரும்பாலானவை, விளையாட முடியாத அளவுக்குக் களைத்திருந்த இரவுகளில் வாங்கியவை. இதைப் பட்டியலில் தேதி பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

முன்பெல்லாம் சில மணி நேரத்துக்கு மட்டும் விலை இறங்கும் ஃபிளாஷ் சேல் இருந்தது. அப்போது 'இப்போது விட்டால் போச்சு' என்பதில் நியாயம் இருந்தது. 2015 கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது சேல் தொடங்கிய நாளில் இருக்கும் விலைதான் முடியும் நாளிலும். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று வருஷத்துக்கு நாலு பெரிய சேல் வேறு. ஸ்டீம்டிபி தளத்தில் எந்தக் கேமின் விலை வரலாற்றையும் பார்க்கலாம். பெரும்பாலான பழைய கேம்களுக்கு அந்தக் கோடு இதயத் துடிப்பு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். விட்டால் மூன்று மாசத்தில் அதே விலை, சில சமயம் அதைவிடக் குறைவு. இது தெரிந்த பிறகும் நான் வாங்கினேன் என்பதால், அவசரம்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

இலவசம் என்றால் இன்னும் மோசம். ஸ்டீமுக்குப் போட்டிக் கடையான எபிக் ஸ்டோர் 2018 டிசம்பரிலிருந்து கேம்களை இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது. 2020 மே மாசம் ஜிடிஏ 5-ஐ இலவசமாகக் கொடுத்தபோது கூட்டம் தாங்காமல் தளமே படுத்துவிட்டது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்று, பக்கத்தைத் திருப்பித் திருப்பித் திறந்து எடுத்துக்கொண்டேன். ஸ்டீமில் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய ஜிடிஏ 5 என்னிடம் இருந்தது.

ஒருநாள் ஆடித் தள்ளுபடிக்குப் போய்வந்த அம்மாவிடம், பீரோவில் பிரிக்காத சீலை இத்தனை இருக்கும்போது இன்னும் எதற்கு என்று வாயைக் கொடுத்தேன். "ஏங்கண்ணு, என்ற பீரோவத் தொறந்தா சீலையாவது இருக்குது. உன்றது எங்க இருக்குது?" என்றார். பதில் இல்லை. இன்னொன்றும் உண்டு. அந்தச் சீலைகளில் ஒன்றை எடுத்து அத்தைக்குக் கொடுக்கலாம், கல்யாணத்துக்கு வைத்துக்கொடுக்கலாம். ஸ்டீம் ஒப்பந்தப்படி நமக்குக் கிடைப்பது உரிமம் மட்டும். கணக்கை இன்னொருவர் பேருக்கு மாற்றித் தரவும் வழியில்லை. 2024 அக்டோபரிலிருந்து பணம் கட்டும் இடத்திலேயே இது உரிமம்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிராக என் லைப்ரரியில் ஒரு கேம் இருக்கிறது: ஃபேக்டோரியோ. அதை உருவாக்கிய செக் நாட்டு நிறுவனம் வூப், தள்ளுபடியே கிடையாது என்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. போதாதென்று 2023 ஜனவரியில் 30 டாலரை 35 ஆக்கியது. எட்டு மாசம் யோசித்து, டெமோ ஆடிப் பார்த்து, முழு விலை கொடுத்து வாங்கினேன். வாங்கிய அன்றே ஆரம்பித்தேன். இதுவரை 340 மணி நேரம். தள்ளுபடி இல்லாத கேம் எல்லாம் நல்ல கேம் என்று சொல்ல வரவில்லை. அதை வாங்கும்போது எனக்குக் கிடைக்க வேறு லாபம் எதுவும் இல்லை, ஆடுவதைத் தவிர. அதனால்தான் அத்தனை யோசித்தேன்.

நண்பர்கள் கேட்பார்கள், அப்போ சேலில் வாங்கவே கூடாதா என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் சம்பளத்துக்கு முழு விலையில் மூவாயிரம் நாலாயிரம் என்று வாங்குவதைவிட சேல் எவ்வளவோ மேல். ஸ்டீமின் 2024 ஆண்டு விவரத்தின்படி, ஆடிய கேம் எண்ணிக்கைப்படி எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் ஆள் அந்த வருஷம் முழுக்க ஆடியது நாலே நாலு கேம். பலரும் கொஞ்சம்தான் ஆடுகிறார்கள். அந்த நாலைக் கால் விலைக்கு வாங்கினால் கெட்டிக்காரத்தனம். நாலுக்கு நாற்பது வாங்கும்போதுதான் முழு விலைக்கே வாங்கியிருக்கலாம் என்று ஆகிவிடுகிறது.

நான் இப்போது பிடித்துக்கொண்டிருப்பது ரீஃபண்ட் விதியை. 2015 ஜூனில் வந்தது அது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், என்ன காரணம் சொன்னாலும் பணம் திரும்பக் கிடைக்கும். ரொம்ப நாள் இது கேம் பிடிக்காதவர்களுக்கான விதி என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், என் 74-இல் ஒவ்வொன்றுக்கும் இது பொருந்தியிருக்கும். பூஜ்யம் மணி நேரம் ஆடியிருக்கிறேன், அதைவிடக் குறைவு உண்டா? ஆனால் வாங்கிக் குவிப்பவனுக்கு 14 நாளுக்குள் அந்தக் கேமின் நினைப்பே வராது. அதனால் இப்போது எது வாங்கினாலும் போனில் 12-ஆம் நாளுக்கு ஒரு அலாரம் வைக்கிறேன். அதற்குள் திறக்கவில்லை என்றால் திருப்பிவிடுவேன். இதையே தொழிலாக வைத்துக்கொண்டால் ரீஃபண்ட் தருவதை நிறுத்தக்கூடும் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. அந்தப் பயமும் நல்லதற்கே. இரண்டு வாங்க வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிற்கிறேன்.

இந்தக் கோடை சேலின் முதல் நாளே ஒரு கேம் வாங்கினேன். அலாரம் அடித்தது, திறந்திருக்கவில்லை, திருப்பிவிட்டேன். பணத்தை வங்கிக்கு அனுப்பாமல் ஸ்டீம் வாலட்டுக்கே வாங்கிக்கொண்டது நான் செய்த தப்பு. சேல் முடிய இரண்டு நாள் மிச்சம் இருந்தது. வாலட்டில் 480 ரூபாய் சும்மா உட்கார்ந்திருந்தது. 240-க்கு ஒரு விவசாய கேம், 60 சதவீதம் தள்ளுபடி.

இன்று ஒன்பதாவது நாள். இன்னும் டவுன்லோட் போடவில்லை.