இரத்த வகைக்கேற்ற உணவு

கேள்வி: எனக்கு ஓ வகை இரத்தம். இவ்வகையினருக்குப் பருப்பும் பாலும் கோதுமையும் ஆகாது, இறைச்சியே ஏற்றது என்கிறார் திருவனந்தபுரத்தில் பணிபுரியும் என் அண்ணன். அவ்வாறு உண்டு உடல் எடையும் குறைந்திருக்கிறார். நானும் பின்பற்றலாமா?
– வாசகி, களியக்காவிளை

பதில்: வேண்டாம், சகோதரி. ஓ வகையினர் வேட்டையாடியவர்களின் வழிவந்தோர், ஏ வகையினர் உழவர்களின் வழிவந்தோர் என்னும் இக்கருத்து, அமெரிக்க இயற்கை மருத்துவர் ஒருவர் 1996-இல் வெளியிட்ட நூலால் பரவியது. டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,455 பேரை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஏ வகைக்கெனச் சொல்லப்பட்ட காய்கறி மிகுந்த உணவை ஒட்டி உண்டவர்களுக்கு இரத்த அழுத்தமும் இடுப்புச் சுற்றளவும் குறைவாக இருந்தன. ஆனால், அந்த நன்மைக்கும் அவர்களுடைய இரத்த வகைக்கும் தொடர்பே காணப்படவில்லை. உங்கள் அண்ணனின் எடை குறைந்ததற்கு, மாவுப் பண்டங்களையும் பால் இனிப்புகளையும் அவர் விட்டதே காரணமாக இருக்கக்கூடும்.

பயறு, கீரை, சாளை மீன் என உங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கும் நல்லுணவை இரத்த வகைக்காக விலக்குவது வீண் இழப்பு. மரச்சீனிக்கிழங்கில் மாவுச்சத்து மிகுதி என்பதால், சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் அதன் அளவைக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறைச்சியைக் கூட்டவே கூடாது.