மச்சான் வீட்டு செட்டும் நம் வீட்டு செட்டும்

கேள்வி: கோலாலம்பூரில் மச்சான் 18,000 வெள்ளிக்குப் புது ஸ்டீரியோ வாங்கியிருக்கிறார். தீபாவளிக்குப் போனபோது போட்டுக் காட்டினார். பாடுகிறவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. திரும்பி வந்து என் செட்டைப் போட்டால், குரல் எங்கோ சுவருக்குள்ளிருந்து வருகிறது. வாங்கிப் பதினெட்டு வருடமாகிறது. மாற்றிவிடலாமா?
– வாசகர் ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, நானும் சுங்கை சிப்புட்காரன்தான். ரேடியோவும் அம்ப்ளிஃபயரும் பழுது பார்த்தே முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். காசை எடுக்குமுன் ஒரு டார்ச் லைட்டோடு செட்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்.

‘சுவருக்குள்ளிருந்து’ என்று எழுதினீர்களே, என் சந்தேகமெல்லாம் அதில்தான். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பு, கறுப்பு ஒயர் மாறியிருந்தால், ஒரு ஸ்பீக்கரில் அதிர்கிற கூம்பு வெளியே தள்ளும்போது மற்றதில் உள்ளே இழுக்கும். பேஸ், அதாவது அடித்தொனி, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். நடுவில் நிற்க வேண்டிய குரல் கலைந்து எங்கெங்கோ கேட்கும். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறியபோது, அவசரத்தில் நானே அப்படி மாட்டிவிட்டு ஒரு வருடம் ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி, “இதுக்கு டிவியே தேவலாம்” என்று சொன்ன அன்றுதான் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒயரில் கோடு போட்ட பக்கம் இடது பெட்டியில் கறுப்பிலும் வலது பெட்டியில் சிவப்பிலும் இருந்தது. இரண்டு நிமிட வேலை. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

அது சரியாக இருந்தால், முன் துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பரென்றால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஃபோம் என்றால் நம் ஊர் ஈரக் காற்றுக்குப் பதினெட்டு வருடம் தாங்குவது அபூர்வம், நமத்த பிஸ்கட் போல உதிரும். வளையத்தை மட்டும் மாற்றலாம்.

அப்புறம் ஒப்பிடுங்கள். ஆனால் நியாயமாக. மச்சான் வீட்டில் கார்ப்பெட், தடித்த திரை, சோபா. நம் வீட்டில் சிமெண்டுத் தரை, தகரக் கூரை, கண்ணாடிப் பட்டை ஜன்னல். ஒரு குறிப்பிட்ட சுருதி வந்தால் அந்தப் பட்டைகள் கிடுகிடுக்கும், ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதென்று என்னிடம் தூக்கி வந்தவர்கள் உண்டு. அதனால் உங்கள் செட்டை அங்கே கொண்டுபோய், ஒரே பாட்டை ஒரே சத்தத்தில் போடுங்கள். சத்தத்தை அளக்கும் அலகான டெசிபலில் ஒன்று கூடினாலே காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்றுதான் சொல்லும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வாட்டைப் பார்த்தும் மயங்காதீர்கள். 50 வாட்டுக்கு 100 வாட் வெறும் 3 டெசிபல்தான் அதிகம். காதுக்கு இருமடங்காகக் கேட்க 500 வாட் வேண்டும்.

விலை கொடுத்தால் ஒன்றும் கிடைக்காதா? கிடைக்கும். நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டுத் தவிலைக் கவனியுங்கள். வலந்தலையில், அதாவது வலது பக்கத்தில், விரல் கூடு அடிக்கும் ‘டக்’ உங்கள் செட்டிலும் வந்துவிடும். தொப்பி என்கிற இடது பக்கத்தில் கழி விழும்போது வயிற்றில் ஒரு குத்து இருக்கிறதே, அது சின்னப் பெட்டியில் வராது. அந்தக் குத்துக்குத்தான் மச்சான் காசு கொடுத்திருக்கிறார். உங்களுக்கு அது வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். மழை பெய்தால் தகரத்துக்கு அடியில் இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி: செட்டை மாற்றாவிட்டாலும், ஸ்பீக்கர் ஒயரையாவது மாற்றச் சொல்கிறார் மச்சான். 900 வெள்ளியாம்.
– அதே வாசகர்

பதில்: வேண்டாம். மூன்று நான்கு மீட்டருக்கு மின்சாமான் கடையில் விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தாராளமாகப் போதும். மிச்சத்தில் நல்ல கனமான ஜன்னல் திரை வாங்கித் தொங்கவிடுங்கள். கோடு போட்ட பக்கம், ஞாபகமாக, இரண்டிலும் சிவப்பில்.