முதலுதவிப் பெட்டியில் உள்ள துணிக்கும் பிளாஸ்திரிக்கும் ஏன் காலாவதித் தேதி?

டாக்டரிடம் போகும்வரை காயத்தைச் சமாளிக்கத் தேவையானவற்றை ஒரே இடத்தில் வைத்திருப்பதுதான் முதலுதவிப் பெட்டி. மாத்திரைக்குத் தேதி இருப்பது புரிகிறது, துணிக்கு எதற்கு?

காஸ் என்கிற, காயத்தின் மேல் வைக்கும் மெல்லிய வலைத்துணியைக் கிருமி நீக்கி உறையில் அடைக்கிறார்கள். அந்தத் தேதி துணிக்கு அல்ல, உறையின் காவலுக்கு. உறை கிழிந்தாலோ நனைந்தாலோ கிருமி உள்ளே போய்விடும். தேதி மிச்சமிருந்தாலும் அப்புறம் அது வெறும் துணிதான். பிளாஸ்திரியின் பசை வேறு, வெப்பத்திலும் ஈரத்திலும் பிடிப்பை இழக்கும். மழைக்காலத்தில் திறந்துவைத்த அப்பளம் நமத்துப்போகிற மாதிரி. அதனால் பெட்டியைக் குளியலறையிலோ அடுப்புக்கு மேலோ தயவுசெய்து வைக்காதீர்கள். குழந்தைக்கு எட்டாத, ஆனால் வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அலமாரி போதும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள்: கையுறை, கத்தரிக்கோல், கிருமிநாசினி, வயிற்றுப்போக்கின்போது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஓஆர்எஸ் பொட்டலம். சீக்கிரம் தீர்வது பிளாஸ்திரிதான். தீர்ந்த அன்றே வாங்கிவிடுங்கள்.

பஞ்சை நேராகக் காயத்தில் வைத்துக் கட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும், எனவே முதலில் காஸ், தேவைப்பட்டால் அதற்கு மேல் பஞ்சு.